ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரண்ட் இருந்தது

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட மெஷின் சத்தம்தான் அதிகம். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு அந்த ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்திலேயே அவருக்குப் பொழுது போகிறது. மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் முடிச்சூர்ப் பக்கத்துக்குக் கரண்டைக் கொண்டுவந்ததோ, ஏரிக்கரை ஓரமாகத் துருப்பிடித்து நின்ற டவர்களில் தொங்கிய ஒரு கிழட்டு லைன். நாலு தூறல் விழுந்தால் போயிற்று. காற்றடித்தால் போயிற்று. வெயில் ஏறி எல்லா வீட்டிலும் ஏசி ஓடினால் அப்போதும் போயிற்று.

இன்வர்ட்டர் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாங்கும். சில நாள் சொல்லாமல் கொள்ளாமல் அதுவும் படுத்துவிடும். உடனே மெஷின் கீயென்று கத்தும், நான் ஓடிப்போய் சிலிண்டரைத் திறக்க வேண்டும். அதனால் நான் படுப்பதோடு சரி, தூங்குவது கிடையாது. ரிட்டையர் ஆகிறவரை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திய காலத்தில்கூட இவ்வளவு களைத்ததில்லை.

பழைய லைனை எடுத்துவிட்டுப் புதுசு போடப்போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பழைய டவரைக் கழற்றிப் புது டவர் நிறுத்திக் கம்பி இழுக்க வேண்டுமானால் லைனை அணைத்தே ஆக வேண்டுமாம். வேலை நடக்கும் நாட்களில் காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். காலனி வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு மீட்டிங் போச்சு, மீட்டிங் போச்சு என்று புலம்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மீட்டிங் போனால் இன்னொரு மீட்டிங் வரும்.

முதல் ஷட் டவுன் அன்று மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நல்லதுக்குத்தானேம்மா பண்றோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் அங்கே பேசியவர். பொறுத்துக்கொள்ள நான் தயார், இவருடைய மூச்சு பொறுக்க வேண்டாமா? அவருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, அது சாயங்காலம் வரை தாங்காது, ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று ஆட்டோ தேடி மெயின் ரோட்டுக்கு ஓடினேன். எனக்கு ரவிக்கை தைப்பவளின் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். வாசலில் நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்படி கீது?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்கா பேஜார் ஆவுற? எங்க வூட்ல கரண்ட் கீதே! எங்களுக்கு வேற சப் ஸ்டேஷன். சாரை இங்க இட்டுகினு வா. மெஷினையும் தூக்கினு வா."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷட் டவுனுக்கும் எங்கள் ஊர்வலம்தான். அவருக்குச் சின்ன சிலிண்டரை மாட்டி, கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, மெஷினைக் காலுக்கு நடுவில் வைத்து, கால்வாய்க்குத் தோண்டிப் போட்ட பள்ளத்திலெல்லாம் குதித்துக் குதித்துப் போவோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முகத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் அதே கூத்து திரும்பி வர. போதுமடா சாமி என்றிருந்தது. என் இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

அவள் முன்னறையில் கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள். தையல் மெஷினை அவருக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டு, "நான் சாரைப் பாத்துக்கிறேன், நீ சொம்மா சாஞ்சுக்கோக்கா" என்பாள். வேண்டாம், பரவாயில்லை என்பேன். அடுத்த நிமிஷம் பாயில், வெட்டுத் துணிகளுக்கு நடுவே, வாயைப் பிளந்துகொண்டு கிடப்பேன். அவள் தட்டி எழுப்பி டீ கொடுக்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒருவழியாக வேலை முடிந்தது. பளபளவென்று புது டவர்கள் நின்றன. அந்த வாரமே பேய்மழை. ஜன்னலெல்லாம் படபடவென்று அடித்தது. நான் சிலிண்டர் பக்கத்திலேயே நின்றேன். கரண்ட் போகவில்லை. மழை விட்டது, அப்போதும் போகவில்லை. எனக்கு உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அவ்வளவு நிம்மதி.

அவர் மட்டும் உம்மென்று இருந்தார். இரண்டு நாள் கழித்து, நான் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டார்: "அடுத்த ஷட் டவுன் எப்போ?"

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கென்ன பைத்தியமா? உங்களைத் தூக்கிச் சுமந்து என் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. இனிமே கரண்டே போகாதுன்னு நான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு ஊர் சுத்தணுமா? அவ வீட்டு ஜன்னல்ல வேடிக்கை பாக்கணுமா?"

அவருக்கு ஒரே மூச்சில் பேச வராது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"வேடிக்கைக்கு இல்லை. அங்கதான்... நீ தூங்குற."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"இப்பதான் கரண்ட் போகலையே. இப்பவும் நீ தூங்கல. ராத்திரி பூரா நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

அப்படியானால் இத்தனை நாளும் அவரும் தூங்கவில்லை.