சாம்பல் அடைத்த குழாய்

மலை சரிந்த காலையில் அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். அவள் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் லயத்து வரிசை வீட்டுக்குள் இருந்தார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

சரிவுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புது வீடு கிடைத்தபோது அக்காவை எங்களோடு கூட்டிக்கொண்டோம். நான், என் மனைவி, அக்கா. சமையலறையில் சிங்க் வைத்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்களில் யாரும் வீட்டுக்குள் நின்று சட்டி கழுவியதில்லை. லயத்தில் வாசலை ஒட்டித் திறந்த வாய்க்கால் ஓடும்; கான் என்போம். கழுவின தண்ணீர் அதில் விழுந்து மலைக்குக் கீழே போய்விடும். எங்கே போகிறதென்று யாரும் பார்ப்பதில்லை.

அக்கா பேச்சை விட்டுவிட்டாள். சமைப்பாள், கழுவுவாள். அதில் என் மனைவியைக்கூடக் கைவைக்க விடமாட்டாள். அடுப்புச் சாம்பலைப் பால்மா டின்னில் அள்ளி வைத்து, தேங்காய்த் தும்பால் தொட்டுத் தேய்ப்பாள். சட்டி பளபளவென்று இருக்கும்.

ஒரு மார்கழியில் சிங்க்கில் தண்ணீர் நின்றது. எங்கள் குழாய் கீழ்வீட்டுக் குழாயோடு சேர்ந்துதான் கழிவுக் குழிக்குப் போகிறது. எங்கள் அழுக்குத் தண்ணீர் அந்த வீட்டு சிங்க்கில் பொங்கியது. கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள்.

"ஏங்க, ஒங்க வீட்டுக் கொழம்பு எங்க வீட்டுல மெதக்குது."

"உப்பு சரியா இருந்துச்சா?" என்றாள் என் மனைவி.

மேசன் வந்து குழாயை அறுத்தார். உள்ளே ஏதோ சாம்பல் நிறத்தில் இறுகிப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் எங்கள் குளிருக்கு உறைந்துவிடும். அதில் அடுப்புச் சாம்பலும் சேர்ந்திருந்தது. மேசன் ஒரு கட்டியை எடுத்துத் தரையில் தட்டினார். உடையவில்லை.

"இந்த மாதிரி கலவை நான்கூட போட்டதில்லைங்க. யாரு இந்த வீட்டு மேசன்?"

கீழ்வீட்டுக்காரி சிரித்தாள். அக்கா டின்னோடு கதவடியில் நின்றிருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

சிரிப்பு நின்றது. மேசன் கட்டியைக் கீழே வைத்தார்.

"பழக்கம்தானேம்மா. எண்ணெய்ச் சட்டிய காகிதத்துல தொடைச்சிட்டுக் கழுவுங்க. சாம்பல், தேங்காப்பூ, தேயிலைத்தூள் ஒண்ணும் உள்ள போகக் கூடாது. அப்பப்ப சுடுதண்ணி ஊத்துங்க. அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் அக்கா சட்டிகளை வெளியே தூக்கிப் போய்விட்டாள். மழையில், பின்பக்கத்து மண்ணில் குந்திக் கழுவினாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு.

"உள்ள வாக்கா. கொழாய் சரியா போகுது."

"இந்த வீட்டுக்கு நான் ஆகமாட்டேன் தம்பி. என் கை பட்டா அடைச்சிரும்."

மேசன் சொன்னதையெல்லாம் செய்தோம். சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்து அடுப்பில் போட்டோம். மிஞ்சிய எண்ணெயைத் தனி டின்னில் ஊற்றினோம். சிங்க்கின் வாயில் வலைத் தட்டு வைத்தேன். குழாய் நன்றாக இருந்தால் அக்கா எங்களோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவளுக்கு என்னை விட்டால் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

தண்ணீர் நன்றாகப் போனது. அக்கா சிங்க் பக்கம் வரவில்லை.

மழை விட்டதும் மடுல்சீமைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்றாள். அங்கே சின்னம்மா மகள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறாள்.

"அங்க என்னக்கா இருக்கு?"

"கான் இருக்கு."

லுணுகலையில் பஸ் ஏற்றிவிட்டேன். டின்னையும் பையில் வைத்திருந்தாள்.

சித்திரைக்குச் சேலை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அக்கா கானோரம் குந்திச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சேலையைப் பார்க்கவில்லை.

"கொழாய் எப்படியிருக்கு?" என்றாள்.

நன்றாகப் போகிறது, வந்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது.

"இன்னும் அடைக்குதுக்கா. நீ போன பொறகும்."

தும்பு நின்றது.

"அப்ப என் கையால இல்லையா?"

"இல்லக்கா. கொழாய் வச்சதே சரியில்ல. வர்றியா?"

கானில் போகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சுடுதண்ணி ஊத்திப் பாரு தம்பி," என்று அடுத்த சட்டியை எடுத்தாள்.

தனியாகத்தான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து சிங்க்கில் கை கழுவினேன். தண்ணீர் நிற்காமல் போனது.