என் பிள்ளை என்று சொல்லச் சொன்னார்கள்

ஏழு வயது வரை என் மகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். நான்தான் அப்படிப் பழக்கினேன்.

அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு தடவையும் வார்டு கவுண்டரில் இருந்த தாதி, இது உங்கள் பிள்ளையா என்று கேட்டார். என் பிள்ளை என்று வாய் நிறையச் சொன்னேன். முதல் பிள்ளைக்கு ஒன்பதாம் நாள் காலை தொட்டிலுக்குள் கை விட்டால் சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டாக்டர் ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார், நம்பினேன். இரண்டாவது பிள்ளையும் சரியாக ஒன்பதாம் நாள் போனபோது எனக்கு டாக்டர் மேலும் நம்பிக்கை இல்லை, என் வாய் மேலும் நம்பிக்கை இல்லை.

மூன்றாவதாக இவள் பிறந்தாள். கிள்ளானில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் எதிர்வீட்டு ஆன்டி, பிள்ளையை ஒரு முறத்தில் போட்டுக் கீழே குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார். பிறகு அநாதையாகக் கிடந்த பிள்ளையைக் கண்டெடுத்ததுபோல் அவரே தூக்கி வந்து என் வாசலில் நின்று விலை பேசினார். ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டேன். கிள்ளானில் தவிட்டுக்கு எங்கே போவது? கோழித்தீவனக் கடையில் வாங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆன்டி சிரிக்கவில்லை.

"இனிமே இது ஒன் பிள்ளை இல்ல. யாரு கேட்டாலும் வாங்கினதுன்னு சொல்லு. அம்மான்னு கூப்பிட வெச்சிடாத. கேட்டுக்கிட்டே இருக்கும்."

எது கேட்டுக்கொண்டிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ராகு காலத்தில் பஸ் வந்தால் ஏறிப் போகிறவள். ஆனால் ஒன்பதாம் நாள் தாண்டியது, பிறகு ஒரு வருடம், பிறகு ஏழு வருடம். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஏழாவது வருடம், லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஜொகூர் பக்கம் போய் அங்கே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். செத்திருந்தாலாவது கையில் ஓர் இறப்புப் பத்திரம் கிடைத்திருக்கும். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்தேன். அந்தச் சம்பளம் வாடகைக்கும் ரயிலுக்குமே சரியாகப் போயிற்று. பிள்ளைகளை வளர்க்க அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிக்கு எழுதிப் போட்டேன். அது கிடைக்காவிட்டால் அவளை ஏதாவது ஓர் இல்லத்தில் விடுவதைத் தவிர வழியில்லை. செராஸில் ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்தும் வந்தேன். வாசலில் வரிசையாகச் சின்னச் சின்னச் செருப்புகள்.

நலத்துறை அலுவலகத்துக்கு விசாரணைக்குப் பிள்ளையோடு வரச் சொன்னார்கள். காலை பத்து மணி இருக்கும். கூடம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலி. உட்கார வந்தவர்கள், அதில் ஏற்கெனவே யாரோ இருப்பதுபோல் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். ஈரமோ என்று தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது.

எங்கள் எண் வந்தது. மலாய்க்கார அதிகாரி, என் தங்கை வயதிருக்கும், நல்ல மாதிரி. பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, இது உங்கள் பிள்ளைதானே என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஏழு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சாயா பெலி, புவான்." நான் வாங்கினேன், மேடம் என்று.

தட்டச்சுச் சத்தம் நின்றது. "பெலி?"

பிள்ளையை விலைக்கு வாங்குவது ஜெயிலுக்குப் போகிற விவகாரம் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முறத்தையும் தவிட்டையும் என் அரைகுறை மலாயில் எப்படி விளக்குவது? சொல்லச் சொல்ல மோசமாயிற்று. குப்பைத்தொட்டி என்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு என்னைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று மகளிடம் கேட்டார்.

"அக்கா," என்றாள் அவள்.

அக்கா என்றால் என்னவென்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதிகாரி கோப்பை மூடினார். இன்னொரு தடவை கேட்கிறேன், இது நீங்கள் பெற்ற பிள்ளையா, இல்லையென்றால் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

சொன்னால் அது கேட்கும். சொல்லாவிட்டால் இவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். ஆன்டி மேல், ஜொகூரில் இருக்கிற ஆள் மேல், என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"என் பிள்ளை," என்றேன். "நான் பெத்த பிள்ளை." தமிழில் சொன்னதை மலாயிலும் சொன்னேன்.

அதிகாரி பிறப்புப் பத்திரத்தில் இருந்த என் பெயரை மறுபடி பார்த்துவிட்டு, கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட இடம் காட்டினார். போட்டுவிட்டுத் திரும்பினால் மகள் பக்கத்தில் இல்லை. பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்து, அந்தக் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவங்க அக்கா இல்லையாம். எங்கம்மாவாம்."

உதவி வந்து சேர இரண்டு மாதமாயிற்று. ஆனால் அன்றிலிருந்து நான் எண்ணியது ஒன்பது நாளைத்தான். அவள் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை அவள் எழுந்து, பல் விளக்கி, ரொட்டியில் பாதியைத் தின்று மீதியை வழக்கம்போல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்தாள். எட்டாம் மாடி லிஃப்ட் வாசலில் பையை மாட்டிவிட்டேன்.

"போயிட்டு வரேன்மா," என்றாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவை.

லிஃப்ட்டில் யாரும் இல்லை. அவள் உள்ளே போய், யாருக்கோ இடம் விடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கதவு மூடிக்கொண்டது.

எட்டு மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு வழியில் எங்கோ கழன்றது. என் பிள்ளை, என் பிள்ளை என்று கத்திக்கொண்டே ஓடினேன். மாடிக்கு மாடி கதவைத் திறந்து பார்த்தார்கள்.

கீழே குப்பைத்தொட்டி ஓரம் பள்ளி வேனுக்காக நின்றிருந்தாள். தனியாகத்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தாள்.

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் தலைக்கு மேலே, யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சொன்னேன். அன்று கவுண்டரில் கேட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன். இங்கே யாரும் கேட்கவில்லை.

"இது என் பிள்ளை. நான் பெத்தது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா," என்றாள் மகள், மூச்சு முட்டி. "விடுங்க, வேன் வந்துருச்சு."