ஜெயசீலன் கையில் இருந்தது ஆப்பிள் ஜூஸ்

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றிருந்தபோது ஜெயசீலனின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றாள். மாரடைப்பாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டி பார்த்தார், நான் ஏற்றுமதிப் பிரிவு. பின்னால் ஹார்ன் அடித்தவனை இறங்கிப்போய்த் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் போட்டோவும் தெரியும். ஜெர்மனியில் பீர் திருவிழாக் கூடாரம், தலையில் இறகு செருகிய தொப்பி, முழங்கால் தெரிகிற தோல் டிரவுசர், தூக்கிய கையில் பெரிய கண்ணாடிக் குவளை. பார்த்துச் சிரித்தீர்கள், சிலர் முகம் சுளித்தீர்கள். அந்த மேசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

செப்டம்பர் கடைசியில் ஆர்டர் பேச எங்கள் இருவரையும் எம்.டி. கூட்டிப் போயிருந்தார். பேச்சு முடியும் முன்பே எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன்காரப் பையர் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெயசீலன் சாராயத்துக்கு அப்பாவைப் பறிகொடுத்தவர். ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். பையர் மனசு கோணக்கூடாது, குடிக்கிற மாதிரியாவது இரு என்று எம்.டி. அவர் காதில் சொன்னார்.

பத்துக் குவளையை மார்போடு அணைத்து ஒரே நடையில் கொண்டுவருகிற பெண்கள் அங்கே பரிமாறினார்கள். ஜெயசீலன் ஒருத்தியிடம் தனியே போய், சோடா கலந்த ஆப்பிள் ஜூஸை அதே மாதிரிக் குவளையில் வாங்கிவந்தார். நிறம் அசல் பீர். குவளையை மோதும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்து வாழ்த்துவது அவர்கள் வழக்கம். இவர் பையர் கண்ணை நேராகப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார். பையரும் குஷியாகத் திருப்பிச் சொன்னார். சிரித்ததில் எனக்கு பீர் மூக்கில் ஏறியது.

எம்.டி. அதைப் போட்டோ எடுத்து, ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். நாங்கள் ஊர் திரும்புமுன் அது சபைக்குப் போய்விட்டது. ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர் ஜெயசீலன். வாரம் முழுக்க ஷூ நாற்றத்தில் கிடப்பதே அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் என்பார். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். சர்ச் கமிட்டியிடம் நான் போய், அது ஜூஸ் என்று சொன்னேன். நீயே குடிக்கிறவன், நீ சாட்சியா என்றார்கள். எம்.டி.யைச் சொல்லச் சொன்னேன். குடிக்கிற மாதிரி நடித்தது பையர் காதுக்கு எட்டினால் பேஜார், அதெல்லாம் அவர் சொந்த விஷயம் என்றார் அந்த மகராசன்.

நீங்களே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று ஜெயசீலனிடம் கத்தினேன். ஒரு ஷூவின் தையலை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "யாருமே கேக்கலப்பா. கேட்டா சொல்லியிருப்பேன். கேக்காதவங்க கிட்ட போய் இன்னான்னு சொல்றது?"

சாகும்வரை சர்ச்சில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

அடக்கத்தன்று தெருமுனையில் கம்பெனி வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர். அதே போட்டோ. தொப்பி இல்லை, குவளையைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். வெறுங்கையைத் தூக்கி எல்லோருக்கும் டாட்டா காட்டுவது போல நின்றார். பக்கத்தில் 'ஒழுக்கத்தின் உருவம்' என்று கொட்டை எழுத்து. எம்.டி.யும் கமிட்டியும் அதன் நிழலில் நின்று டீ குடித்தார்கள். குவளையை அழிக்கத் தெரிந்தவர்களுக்கு, அதில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. வயிறு எரிகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம், என் கண்ணையும் பார்த்து அவர் சொன்ன அந்த ஸ்தோத்திரம். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்காமலே சொல்லிவிட்டேன்.