நாலு நாள் காய்ச்சல்

என் வேலை ரத்தம் எடுப்பது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷமாக ஊசியும் குழாயுமாகக் காலம் தள்ளுகிறேன். நரம்பு சிக்காத கை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் மனநல டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். உயிரை விடத் துணிந்து பிழைத்து வந்த பதின்வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்ற புரதங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் மனசைச் சொல்லிவிட முடியாது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். சளி, காய்ச்சல், பல் வீக்கம் என்று எது இருந்தாலும் அது ஏறிவிடும். அதனால் ஊசி போடுமுன் இதையெல்லாம் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. உண்டு என்றால் அன்றைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது.

திசையன்விளையிலிருந்து ஒரு பெண்ணை வார்டில் சேர்த்திருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு. துணைக்கு அம்மா இருந்தாள். காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். மகள் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். நாலு நாளாக நல்ல காய்ச்சலாம், டைபாய்டாம். கேஸ் ஷீட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் சொன்னால் பரிசோதனையே பாழாகிவிடும் என்று கடுகடுத்தேன்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மாமியாரிடம், பள்ளிக்கூடத்தில், பம்பாயில் கடை வைத்திருக்கும் புருஷனிடம்கூட டைபாய்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிச் சொல்லி, இங்கேயும் அதுவே வாயில் வந்துவிட்டது. நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பிள்ளையைப் பற்றி வேறு பேச்சு எழக்கூடாதே என்ற பயம். ரத்தத்தில்தான் கோளாறு என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டாள். கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதுவரை சுவரைப் பார்த்திருந்த பெண் என்னிடம் சொன்னாள்: "எனக்குக் காய்ச்சல் இல்லக்கா. சாவணும்னுதான் நெனச்சேன். அம்மா அதப் பேசவே விட மாட்டேங்கா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளை நேராகப் பார்த்தாள். பைய கேட்டாள்.

"இப்பமும் அப்படித் தோணுதாட்டி?"

"சில நேரம் தோணும்மா."

ஆய்வு ரத்தம் எங்கும் ஓடிப்போகாது. இருவரையும் பார்த்துக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவரோடு திரும்பி வந்தபோது மகள் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.