இகுவானாவுக்கும் குளிரும்

என் கணவர் கொழும்பிலிருந்து ஆசையாக ஓர் இகுவானா வாங்கிவந்தார். பச்சை ஓணான் போல, ஒரு கை நீளம் இருக்கும். விற்றவர் சூடு கொடுக்கும் விளக்கு கட்டாயம் வேண்டும் என்றாராம். "நம்ம வீட்டுப் பல்லிக்கு யாரு ஹீட்டர் போட்டா?" என்று சிரித்தவர், நான் நச்சரித்ததால் ஒரு பல்பை மட்டும் மாட்டினார்.

போன மழைக்கு எங்கள் மலையூரான அம்பிட்டியவில் காலையில் போன கரண்ட் மாலைவரை வரவில்லை. கூட்டைப் பார்த்தால், அது கறுத்துப்போய் விறைத்துக் கிடந்தது. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். "நாய், மாடுன்னா பார்ப்பேன். இது எனக்குத் தெரியாதுங்க" என்றார். மகள் கதறினாள். கணவர் மண்வெட்டியோடு பின்பக்கம் போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, போத்தல்களில் ஊற்றி, துவாய் சுற்றி அதன் இருபக்கமும் வைத்தேன். "கண்ணைத் திறடா" என்று கெஞ்சினேன். வெளியே குழி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"தோண்டாதீங்க!" என்று கத்தினேன்.

இகுவானா வாங்க நினைப்பவர்களே, கரண்ட் போனால் அதற்கு எப்படிச் சூடு கொடுப்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள். இப்போதெல்லாம் இடி முழங்கினால் நான் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவதில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கத்தான் ஓடுகிறேன்.