பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஒன்பது வருஷம் அடி வாங்கினேன். அப்போதெல்லாம் கிளம்பத் தோன்றவில்லை. பேனா மூடியைத் தொலைத்துவிட்டாள் என்று எங்கள் ஏழு வயதுப் பெண்ணின் முதுகில் பெல்ட்டால் விளாசினான் பாருங்கள், அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் புருஷனைத்தான் சொல்கிறேன். ஒன்பது வருஷம் 'அவர்' என்று சொல்லியாகிவிட்டது, போதும். அடி விழாத ஒரு வீட்டில் பெண்ணைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்பை ஒட்டி, ஓர் அறையும் சமையற்கட்டுமாக அண்ணன் வீடு பார்த்துவிட்டான். குறுவை அறுக்க மெஷின் வரும் நாளாகப் பார்த்துக் குறித்தேன். மெஷின் வயலில் இறங்கிவிட்டால் அவன் வரப்பை விட்டு நகர மாட்டான். காலையில் அவன் போனதும் அண்ணன் குட்டியானை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் நெல்லுச் சாக்கில் வைக்கோலைப் போட்டு, என் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

மாமியார் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"எடுத்துட்டுப் போடியம்மா. ஆனா பேரப் பாத்து எடு. உம்பேரு வெட்டுனத மட்டும் எடுத்துக்க" என்றாள்.

அண்டாவின் விளிம்பைத் திருப்பினேன். அவன் பெயர். குடத்தின் கழுத்தில் அவன் பெயர். டம்ளர், டபரா, சாதக் கரண்டி வரைக்கும் அவன் பெயர். எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் அனுப்ப மாட்டார்கள். வெட்டுவது பெண்ணின் பெயரைத்தான். என் அப்பாவுக்கு மட்டும் மாப்பிள்ளை மேல் அப்படி ஒரு மரியாதை. பாத்திரக் கடையில் அரை நாள் நின்று, ஒரு சாமான் விடாமல் மாப்பிள்ளை பெயரை வெட்டி வாங்கி வந்தார். அவர் மனசு குளிர்ந்தால் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வாராம். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். அந்தப் பித்தளைக் குடத்தாலேயே ஒரு தடவை என் தோளில் போட்டார்.

"இது எங்கப்பா வாங்குனது, அத்தை."

"யாரு வாங்குனா என்ன? பேரு எம்மவன் பேரு. புள்ளைக்கும் இனிஷியல் அவனோடதுதான். அதுவும் இங்கதான் கெடக்கும்."

பாப்பா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வண்டியோரம் நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், பைக் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறோடு அவன் இறங்கினான். இறங்கிய வேகத்தில் அண்ணன் மூக்கில் ஒரு குத்து விட்டான். சட்டையெல்லாம் ரத்தம். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான், மறுபடி மிதித்தான். பிறகு பாப்பாவின் ஜடையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தான். அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னும் இரண்டு விழும் என்று அந்த வயதிலேயே தெரிந்துவைத்திருந்தாள்.

குனிந்தேன். கைக்கு வந்தது அந்தக் குடம்தான். இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்காலில் போட்டேன். பச்சை மட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. ஜடையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை இன்னொரு தடவை அடித்தேன். அது தேவையே இல்லை. ஆனால் அடிக்க நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மாமியார் ஓடிவந்து என் கொண்டையைப் பிடித்தாள். உதறியதில் கதவு நிலையில் மோதி விழுந்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிட்டு அழுங்க!" என்று கத்திக்கொண்டே சாக்கைக் கவிழ்த்தேன். வாசலெல்லாம் பாத்திரம் உருண்டது. பாப்பாவைத் தூக்கி வண்டியில் போட்டேன். அண்ணன் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான்.

புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் வேண்டுமே. பட்டுக்கோட்டைக் கடையில் சின்னதாக ஒரு சட்டி வாங்கினேன். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வெட்ட வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கார அம்மா அடுப்பு கொடுத்தார். பால் பொங்கி வழிந்தது. இறக்கி ஆறவைத்தேன். மாமாவுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று பாப்பா ஆசையாகச் சட்டியைத் தூக்கினாள். கை வழுக்கிவிட்டது. முதல் பால் முழுக்கத் தரையில்.

என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் சுவரோரம் போய்க் குந்தினாள். முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டாள். அந்த வீட்டு அடுப்படியில் நான் அப்படித்தான் உட்காருவேன். அவள் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள்.

தலையைத் தூக்காமலே கேட்டாள்: "இந்த வீட்லயும் அடிப்பாங்களாம்மா?"

என் கை அப்போது இரண்டாவது அடிக்கு ஓங்கியிருந்தது.