திரும்பி வந்தவர் அவர்தானா

வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். சாவியக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“ஏம்மா, இவங்க ரெண்டு பேர்ல யாரு சொல்றது நிஜம்?”

“எந்த ரெண்டு பேர்க்கா?”

“செவ்வாய்க்கிழமைக்காரரும் இந்த வியாழக்கிழமை சாமியும்தான். வேற யாரு இங்க வர்றாங்க?”

“எனக்குத் தெரியாது. அவங்க சொல்றதை வேற மொழியில மாத்திச் சொல்றதோட என் வேலை முடிஞ்சது.”

“உன் வாய் வழியாத்தானே எல்லாம் போகுது. கொஞ்சம்கூட உள்ள ஒட்டாதா?”

“ஒட்டுது. ரெண்டும் ஒட்டிக்குது. அதுதான் தொல்லை.”

அவர் சிரித்துவிட்டு, சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமைக்காரர் என்ன சொல்றார்? உனக்குள்ள இருக்கிறதும் எனக்குள்ள இருக்கிறதும் ஒண்ணு. பேரு, உடம்பு எல்லாம் மேல போட்ட சட்டை. சரியா?”

“சரி.”

“சாமி என்ன சொல்றார்? எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. நில்லுன்னு பிடிச்சுப் பார்த்தா உள்ள ஆளே இல்லை. சரியா?”

“ஏறக்குறைய.”

“அப்போ, என் வீட்டுக்காரர் பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்திருக்கார். அவர் இதுல எந்தக் கணக்கு?”

அவருக்குக் கணவர் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. “வீட்டுக்கா?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு. தலையில ரத்தம் கட்டி, வலது கையும் காலும் வரலை. சட்டைப்பையில இருந்த பழைய அட்டையில என் பேர் இருந்துச்சாம். பத்து நாளா ஃபோன் மேல ஃபோன். போய்ப் பார்த்தேன்.”

“பேசினாரா?”

“‘சமையல் ஆச்சா, பசிக்குது’ன்னார். விட்டுட்டுப் போனதே ஞாபகம் இல்லை. காலையில வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்த மாதிரி பேசுறார். கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போனாரே ஒருத்தர், அவரைத்தான் இத்தனை வருஷமா மனசுக்குள்ள நிக்க வெச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன். இவர் குழந்தை மாதிரி சிரிக்கிறார். அந்த ஆளு இப்படிச் சிரிச்சதே இல்லை. இப்போ நான் யாரைத் திட்டுறது, யாரை மன்னிக்கிறது?”

வயரைக் கீழே வைத்தேன்.

“கூட்டிட்டுப் போகச் சொல்றாங்களாக்கா?”

“இன்னும் ரெண்டு வாரம். கூட்டிட்டுப் போறேன்னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா முடியாதுன்னு போடணும். முடியாதுன்னா ஆதரவில்லாதவங்க விடுதிக்கு அனுப்பிடுவாங்க. நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன் பாப்பா. முடியாதுன்னு சொன்னா தப்பில்லைன்னு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னா போதும். சாமிகிட்ட கேட்டுப் பாரேன். என் பேர் மட்டும் வெளிய வரக் கூடாது.”

கேட்கிறேன் என்றேன். அவர் எழுந்து மிச்சப் பாய்களைச் சுருட்டினார்.

இடுப்பில் எப்போதும் இருபத்து மூன்று சாவிகள் தொங்குவதால் அவர் எல்லோருக்கும் சாவியக்கா. படியில் ஏறி வரும்போதே சத்தம் கேட்கும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வயது ஐம்பத்திரண்டு. காலை ஐந்தரைக்கு வந்து நான்கு மாடியையும் பெருக்கித் துடைப்பார். மின்தூக்கி பாதி நாள் ஓடாது. அந்த நாட்களில் வாளியோடு படியேறுவார். கீழ்த் தளத்தில் ஒரு பல் மருத்துவர், முதல் மாடியில் கணக்காளர்கள், அதற்கு மேல் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம், மூன்றாம் மாடியில் வாடகைக்கு விடும் மண்டபம். செவ்வாய்க்கிழமை மாலை அங்கே அத்வைத வகுப்பு. மடக்கு நாற்காலிகள் எண்பதை வரிசையாகப் போட வேண்டும். வியாழக்கிழமை பௌத்தர்கள் கூடுவார்கள். அன்று நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் பாய்களை வட்டமாக விரிக்க வேண்டும். “ஒண்ணுன்னு சொல்றவருக்கு எண்பது நாற்காலி வேணும். ஆளே இல்லைங்கிறவருக்கு முப்பது பாய் வேணும்” என்பார்.

ஆறு வருடங்களாக இரண்டையும் அவர் சுவிட்ச் பலகை அருகே நின்றபடி கேட்டுவந்தார். யாரும் உட்காரச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார், உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்ற பயம். தூக்கத்தைப் பற்றிய பேச்சுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. செவ்வாய்க்கிழமைக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எதையும் படிப்படியாகச் சொல்வார். ஆழ்ந்த உறக்கத்தில் உனக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, உறவு இல்லை. ஆனாலும் விழித்ததும் சுகமாகத் தூங்கினேன் என்கிறாய். எதுவுமே இல்லாதபோதும் அந்தச் சுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எதுவோ அதுவே நீ, அதுவே எல்லாம் என்றார் ஒருநாள். கூட்டம் கலைந்த பிறகு சாவியக்கா, “அதுதான் நான்னா எனக்குச் சம்மதம். அலாரம் அடிச்சதும் எந்திரிக்கிறது யாருன்னுதான் தெரியலை” என்றார்.

வியாழக்கிழமை சாமியான பிக்கு ஒருமுறை பசியை உதாரணம் காட்டினார். நேற்றைய பசியும் இன்றைய பசியும் ஒன்றா? இல்லை. இது வேறு யாரோ ஒருவருடைய பசியா? அதுவும் இல்லை. ஒன்று போய், அதைக் காரணமாகக் கொண்டு மற்றொன்று வருகிறது. நடுவே நிலையாக நிற்பவர் எவருமில்லை. சுவிட்ச் பலகைப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது: “சமைக்கிறது மட்டும் ஒரே ஆளு.” எனக்கு மட்டும்தான் கேட்டது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சாவியக்காவின் கணவர் போனபோது மகளுக்கு ஏழு வயது. இப்போது அவள் வேறு ஊரில், மாமியார், நாத்தனாரோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். “உன் இஷ்டம்மா” என்று ஃபோனில் சொல்லிவிட்டாள். அந்த வாரம் சாவியக்காவின் வீட்டுக்கு நான் ஒருமுறை போனேன். ஒரே அறை. கட்டிலை மடக்கினால்தான் அலமாரியைத் திறக்க முடியும். அந்தக் கட்டிலில் எழுந்து நிற்க முடியாத ஒருவரைக் கிடத்தினால் அலமாரியை எப்போது திறப்பது, ஐந்தரைக்கு வேலைக்குப் போனால் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது யார் என்றெல்லாம் அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று எனக்கு விளக்கினார். அழவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பிக்கு பேசி முடித்ததும் கேள்விகள் உண்டா என்று பார்த்தார். நான் கையை உயர்த்தினேன்.

என் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் வழக்கம் ஒன்று உண்டு. பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கக் கூடாது. மூன்று வருடத்தில் அது எனக்கு ஊறிப்போயிருந்தது. சாவியக்கா சொன்னதைச் சொல்லத் தொடங்கியபோது ஆங்கிலத்தில் என் வாயில் வந்தது இதுதான்: என் கணவர் பத்தொன்பது வருடங்களுக்கு முன் என்னை விட்டுப்போனார். அந்த எண் வெளியே வரும் முன்பே விபரீதம் புரிந்து, அதை விழுங்கிவிட்டு ‘சில வருடங்களுக்கு முன்’ என்றேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் எனக்கு ஐந்து வயது. அப்போதாவது நிறுத்தி, இது வேறொருவரின் கேள்வி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் யார் என்று தேடுவார்கள். கதவருகே சாவியக்கா நின்றுகொண்டிருந்தார். மிச்சத்தையும் அப்படியே சொல்லி முடித்து, மண்டபத்துக்காகத் தமிழிலும் சொன்னேன்.

பிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் என்னைப் பார்த்துப் பேசியதே இல்லை. மெதுவாகப் பதில் சொன்னார். நான் வழக்கப்படி அதைத் தமிழில் சொன்னேன்.

“உங்களை விட்டுப் போனவரும் இன்று படுத்திருப்பவரும் ஒருவர் அல்ல, வேறு வேறு ஆட்களும் அல்ல. இது விளங்கினால் கோபம் தளரும். ஆனால் கோபம் தளர்ந்ததாலேயே அவரை நீங்கள் சுமக்க வேண்டும் என்று ஆகிவிடாது. அவருக்கு உணவும் மருந்தும் கனிவும் வேண்டும். அவை உங்கள் கையாலேயே கிடைக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் இளம்பெண். உங்கள் வாழ்க்கை இன்னும் தொடங்கவே இல்லை. வருத்தப்படாமல் போங்கள்.”

நான் இளம்பெண் என்றும் என் வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்றும் எனக்கு நானே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் மூன்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “வெளிய காட்டிக்கவே இல்லையேம்மா” என்றார் ஒருவர். சனிக்கிழமைக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஏண்டி, உனக்கு எப்போடி கல்யாணம் ஆச்சு? மாப்பிள்ளை ஓடிப்போனதுக்கு அப்புறமாவது பெத்தவகிட்ட சொல்லக் கூடாதா?” என்றாள். அவளைச் சமாதானப்படுத்த ஞாயிறு முழுவதும் தேவைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை சீக்கிரமே போனேன். சாவியக்கா நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கூடப் போட்டேன்.

“கிடைச்சுதாக்கா, நீங்க கேட்ட பதில்?”

“நல்ல பதில். ஆனா அது உனக்குச் சொன்னது.”

“கேள்வி உங்களுதுதானே.”

“மூஞ்சி உன்னுதாச்சே. இளம்பெண், போம்மான்னுட்டார். ஐம்பத்திரண்டு வயசுக்காரி, வாளியோட நின்னு கேட்டிருந்தா? பொறுமை, கருணைன்னு ஆரம்பிச்சிருப்பாரோ என்னமோ.”

“இதையேதான் சொல்லியிருப்பார்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது.”

படித்தவள் என்ற தைரியத்தில் வாதாடிப் பார்த்தேன். பிக்கு சொல்வதுபடி கேட்டவர் என்று தனியாக ஒருவர் இல்லையே, அப்புறம் யாருக்குச் சொன்னால் என்ன? செவ்வாய்க்கிழமைக்காரர் சொல்வதுபடி நீங்களும் நானும் ஒன்று. எனக்குச் சொன்னது உங்களுக்கும்தானே?

அவர் ஒரு நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மண்டபத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

“பேச்சுக்கு ஒத்துக்கும்மா, முதுகுக்கு ஒத்துக்க மாட்டேங்குதே. இவர் சொல்ற நிஜம் எப்பவும் இருக்கிறது. சாமி சொல்ற நிஜம் நிமிஷத்துக்கு நிமிஷம் போயிடுறது. ரெண்டும் நிஜமாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நடுவுல கையெழுத்துப் போடுற ஒரு வெள்ளிக்கிழமை இருக்கு. ‘நான்’னு ஒண்ணு இருக்கோ இல்லையோ, களைப்பு இருக்கு.”

“இன்னொரு தரம் கேக்கட்டுமா? இந்த முறை சரியாக் கேக்குறேன்.”

“வேணாம். யாராவது விட்டுடுன்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒரு வாரமா இவங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்துப் போயி அவருக்கு நகம் வெட்டிவிட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வரும்போது படியில ரெண்டு இடத்துல உக்காந்து வந்தேன். அப்போவே தெரிஞ்சுடுச்சு. விடுதியில வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பார்ப்பேன். வீட்டுக்கு முடியாது.”

கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, கடைசி வரிசையைக் கண்ணால் நேர்பார்த்து, ஒரு நாற்காலியை அரை அடி இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றியா? அந்தப் பெரிய டாக்டருக்கு ஆங்கிலம்தான் வரும். நான் முடியாதுன்னு சொல்லுவேன். நடுவுல அழுதாலும் அழுவேன், நீ பாட்டுக்கு நிறுத்திடாதே. ஆனா ஒண்ணு, அங்க வந்து உன் வழக்கப்படி ‘நான்’னு சொல்லிடாதே. இந்த அம்மா சொல்றாங்கன்னு என்னைக் கையைக் காட்டிச் சொல்லு.”